நோட்டு அச்சுக்கு ஒரு பூட்டு

வட்டியும் வாசியும்: வரலாற்றுத் தொடர் – 14

சென்ற இதழில் ராஜராஜன் காலத்து வட்டிக் கணக்கோடு நிறுத்தியிருந்தோம். தஞ்சைப் பெரிய கோயிலின் பண்டாரத்திலிருந்து ஊர்ச் சபைகள் காசு வாங்கின. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. இன்றைய கணக்கில் 12.5 சதவீதம். முதலை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. சந்திர சூரியர் உள்ளவரை வட்டி மட்டும் வந்துகொண்டிருக்க வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். முதல் திரும்பாமல் வட்டி மட்டும் ஓடுகிற அந்தக் கடனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதே மாதிரியான கடன் ஒன்று இந்த இதழிலும் வருகிறது.

இப்போது ஆயிரம் ஆண்டைத் தாண்டுகிறோம். இடம் மட்டும் அதிகம் மாறவில்லை. ராஜேந்திரன் தலைநகராக்கிய கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில், கும்பகோணத்திலிருந்து சென்னை போகும் சாலையும் ஜெயங்கொண்டத்திலிருந்து காட்டுமன்னார்கோவில் போகும் சாலையும் சந்திக்கிற மீன்சுருட்டிதான் நமக்கு இந்த முறை நிலைக்களம். அங்கிருந்து மேற்கே ஜெயங்கொண்டம், உடையார்பாளையம் தாண்டிப் போனால் அரியலூர். அந்த அரியலூரில் 1932 ஜனவரி 5 அன்று பிறந்தவர் சக்கரவர்த்தி ரங்கராஜன். 1992 டிசம்பர் முதல் 1997 நவம்பர் வரை இந்திய ரிசர்வ் வங்கியின் கவர்னர்.

வீட்டில் பழைய நோட்டு சேர்த்து வைத்திருப்பவர்கள், 1996-இல் முதன்முதலாக வந்த மகாத்மா காந்தி வரிசை நூறு ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள். கவர்னர் கையெழுத்து என்ற இடத்தில் இருப்பது அவருடையது. நம் மாவட்டத்தில் பிறந்த ஒருவரின் கையெழுத்து இந்தியா முழுக்க மடியிலும் கல்லாப்பெட்டியிலும் இருந்த காலம் அது. ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது நோட்டில் இருந்த கையெழுத்தைப் பற்றி அல்ல. நோட்டு அச்சடிப்பதற்கு அவர் காலத்தில் விழுந்த ஒரு தடையைப் பற்றி. 1991-இல் தங்கம் விமானத்தில் ஏறிப்போன கதையை எல்லோரும் சொல்கிறார்கள். 1994-இல் நடந்த இந்தக் காரியத்தை ஏனோ யாரும் சொல்வதில்லை. கூலிக்காரர் வீட்டு அடுப்பை அதிகம் தொட்டது இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

ரங்கராஜனின் படிப்பு திருச்சி நேஷனல் கல்லூரியிலும் சென்னை லயோலா கல்லூரியிலும் நடந்தது. பிறகு அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகம். 1964-இல் முனைவர் பட்டம். அவர் போய்ச் சேர்ந்த காலம் முக்கியமானது. ஒரு நாட்டின் பொருளாதாரம் முழுவதையும் சமன்பாடுகளாக எழுதிக் கணக்கிட்டுப் பார்க்கும் முறையை வளர்த்த லாரன்ஸ் கிளைன் அப்போது அங்கேதான் பேராசிரியர். பின்னால், 1980-இல், நோபல் பரிசு பெற்றவர். அதே ஆண்டுகளில், 1963-இல், மில்டன் ஃப்ரீட்மனும் அன்னா ஷ்வார்ட்ஸும் அமெரிக்காவின் பண வரலாற்றை ஒரு பெரிய புத்தகமாக வெளியிட்டார்கள். 1930-களின் பெருமந்தம் அவ்வளவு ஆழமாகப் போனதற்குக் காரணம், புழக்கத்தில் இருந்த பணம் சுருங்கியபோது அமெரிக்க மத்திய வங்கி பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததுதான் என்று வாதாடினார்கள். பணம் கூடினால் விலை ஏறுமா, குறைந்தால் தொழில் படுக்குமா, எவ்வளவு காலம் கழித்து என்ற கேள்விகள் பொருளியலின் நடு முற்றத்துக்கு வந்த காலம். அந்தக் கேள்விகளோடுதான் அவர் ஊர் திரும்பினார். அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் பல ஆண்டுகள் பாடம் நடத்தினார். பி.எச். தோலக்கியாவோடு சேர்ந்து அவர் எழுதிய பேரியல் பொருளாதாரப் பாடநூலைப் படித்து வந்த தலைமுறை ஒன்று உண்டு.

மேலைநாட்டுப் புத்தகத்தில் வணிகச் சுழற்சி என்றால் தொழிற்சாலையும் பங்குச்சந்தையும் வங்கிக் கடனும்தான். முதலீடு பெருகும், விலை ஏறும், வட்டி ஏறும், விற்பனை படுக்கும், ஆட்குறைப்பு வரும், மறுபடி மெல்ல எழும். நம் ஊரில் அந்தச் சுழற்சியை நீண்ட காலம் ஓட்டியது மழை. 1965-லும் 1966-லும் அடுத்தடுத்து மழை பொய்த்தது; நாடு கோதுமைக்குக் கப்பலை எதிர்பார்த்துக் கிடந்தது. 1972-இல் மறுபடி வறட்சி. 1979-80-இல் மழையும் இல்லை, உலகச் சந்தையில் எண்ணெய் விலையும் எகிறியது. அந்த ஓர் ஆண்டில் நாட்டின் மொத்த உற்பத்தி 5 சதவீதம் குறைந்தது. மானாவாரி நிலமும் முந்திரித் தோப்புமாக இருக்கிற ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து ஜனங்களுக்கு இதைப் பொருளியல் வகுப்பில் உட்கார்ந்து தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இருந்ததில்லை.

அப்படியானால் விலை ஏறுவதற்கும் மழைதான் காரணமா? பாதி ஆம். மீதிப் பாதியில்தான் ரங்கராஜனின் ஆராய்ச்சி.

1973-74-இல் மொத்த விலை 20 சதவீதம் ஏறியது. அடுத்த ஆண்டு 25 சதவீதம். வறட்சியும் உண்டு, 1973 அக்டோபரில் தொடங்கிய எண்ணெய் நெருக்கடியும் உண்டு. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகளில் அரசு தன் செலவுக்குப் பற்றாக்குறை விழும்போதெல்லாம் ரிசர்வ் வங்கியிடம் வாங்கிய பணமும் சந்தையில் புழங்கிக்கொண்டிருந்தது. 1974 ஜூலையில் இந்திரா காந்தி அரசு அவசரச் சட்டம் போட்டது. ஊதிய உயர்வையும் அகவிலைப்படி உயர்வில் பாதியையும் கையில் கொடுக்காமல் கட்டாய வைப்பாகப் பிடித்து வைத்தார்கள். விலை இறங்கத்தான் செய்தது. ஆனால் அரசு புழக்கத்தில் விட்ட பணத்தைத் திரும்ப உறிஞ்சுவதற்குச் சம்பளக்காரனின் பையில் கை வைக்க வேண்டியிருந்தது. பணத்தை விடும் இடத்திலேயே அளவு வைத்திருந்தால் இது தேவைப்பட்டிருக்காதே என்று கேட்டவர்களில் ஒருவர் ரங்கராஜன்.

1982-இல் அவர் ரிசர்வ் வங்கியின் துணை கவர்னர் ஆனார். நாட்டின் பண அமைப்பை மறுஆய்வு செய்ய சுகமய் சக்கரவர்த்தி தலைமையில் ஒரு குழு அமைந்தது. ரங்கராஜன் அதில் உறுப்பினர். 1985-இல் வந்த அந்த அறிக்கையைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இன்று ரெப்போ வட்டி, பணவீக்க இலக்கு என்று டிவியில் பேசுகிறார்களே, அந்தப் பேச்சின் வேர் அங்கே இருக்கிறது.

அறிக்கையின் கணக்கு எளிமையானது. நாட்டின் உற்பத்தி ஆண்டுக்கு 5 சதவீதம் வளரும் என்று வைத்துக்கொள்வோம். வருமானம் 1 சதவீதம் கூடினால் மக்களும் வியாபாரிகளும் கையிலும் வங்கியிலும் வைத்துக்கொள்ள விரும்பும் பணம் 2 சதவீதம் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வளர்ச்சிக்கு மட்டும் 10 சதவீதப் பணம் கூடுதலாக வேண்டும். வளர்கிற பொருளாதாரத்தில் விலை 4 சதவீதம் ஏறுவதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆக மொத்தம் 14. பணத்தின் அளவு ஆண்டுக்கு 14 சதவீதம் கூடலாம். அதைத் தாண்டினால் தாண்டிய பங்கு விலையில்தான் போய் ஏறும். விளைச்சல் பொய்த்தால் இலக்கைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளவும் அறிக்கை இடம் வைத்திருந்தது. விலையை நிலையாக வைப்பதே பணக் கொள்கையின் முதன்மையான வேலை என்று அந்த அறிக்கை எழுதி வைத்தது. அந்த 4 என்ற எண் அதற்குப் பிறகு எங்கும் போய்விடவில்லை. 2016-இல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்திப் பணவீக்க இலக்கு குறித்தபோது, வேறு வழியில் வந்தவர்களும் அதே 4-இல் வந்து நின்றார்கள். மேலே 2, கீழே 2 விட்டுக்கொடுக்கலாம் என்பது மட்டும் புதிது.

கணக்கு சரி. ஆனால் 14 சதவீதம் என்று ரிசர்வ் வங்கி முடிவு செய்தால் அது நடக்குமா? அங்கேதான் முட்டுக்கட்டை.

1955 ஜனவரியில் மத்திய அரசும் ரிசர்வ் வங்கியும் தங்களுக்குள் ஒரு நிர்வாக ஏற்பாடு செய்துகொண்டன. அரசின் கணக்கில் இருப்பு 50 கோடி ரூபாய்க்குக் கீழே இறங்கினால், ரிசர்வ் வங்கி உடனே அரசின் பெயரில் 91 நாள் கருவூல உண்டியல் ஒன்றைத் தானே உருவாக்கி, தானே வாங்கிக்கொண்டு, அரசுக் கணக்கில் பணத்தை வரவு வைக்கும். அட்ஹாக் ட்ரெஷரி பில் என்று பெயர். தற்காலிகத் தட்டுப்பாட்டைச் சமாளிக்கத்தான் அது வந்தது. தட்டுப்பாடு தற்காலிகமாக இருக்கவில்லை. 91 நாள் முடிந்தால் புது உண்டியல், அது முடிந்தால் இன்னொன்று. 1974 ஜூலையிலிருந்து அதற்கு வட்டி 4.6 சதவீதம் என்று நிலைத்துப்போனது. நாட்டில் விலைவாசி 10 சதவீதம் ஏறுகிற ஆண்டிலும் அரசுக்கு வட்டி 4.6 தான். சேர்ந்துபோன உண்டியல்களை அவ்வப்போது தனிக் கடன்பத்திரங்களாக மாற்றி ஓரமாக வைத்துவிடுவார்கள்.

விளைவு என்ன? நாட்டில் எவ்வளவு பணம் புதிதாகப் பிறக்க வேண்டும் என்பதை மும்பையில் உட்கார்ந்திருந்த கவர்னர் தீர்மானிக்கவில்லை. தில்லியின் பற்றாக்குறை தீர்மானித்தது. ரிசர்வ் வங்கியால் முடிந்தது ஒன்றே ஒன்று: அரசு விட்ட பணம் வங்கி வழியாகப் பல மடங்காகப் பெருகாமல் இருக்க, வங்கிகளின் கையைக் கட்டுவது. 1991-இல் வங்கியில் யாராவது 100 ரூபாய் போட்டால் 15 ரூபாயை ரிசர்வ் வங்கியில் ரொக்கமாக வைக்க வேண்டும்; 38 ரூபாய் 50 காசுக்கு அரசுப் பத்திரம் முதலானவை வாங்க வேண்டும். விவசாயத்துக்கும் கைத்தொழிலுக்கும் வியாபாரத்துக்கும் கடன் கொடுக்க மிஞ்சியது 46 ரூபாய் 50 காசு. மீன்சுருட்டிக்காரர் போட்ட டெபாசிட்டில் பாதிக்கு மேல் அவர் ஊர்ப் பக்கம் தலைகாட்டவே வழியில்லை.

துணை கவர்னராக இருந்தபோதே இந்தச் சங்கிலியை ரங்கராஜன் கணக்கில் கட்டிக் காட்டினார். சக ஆய்வாளர் ஆரிஃபோடு சேர்ந்து 1990-இல் எக்கனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி இதழில் வெளியிட்ட ஆய்வு, அரசின் பற்றாக்குறை, அதனால் பிறக்கும் பணம், உற்பத்தி, விலை ஆகியவற்றை ஒன்றோடு ஒன்று கோத்த சமன்பாட்டு மாதிரி. பென்சில்வேனியாவில் படித்த வித்தை இந்தியக் கணக்கில் இறங்கிய இடம் அது. அரசு செலவழித்தால் உற்பத்தியும் கூடும், விலையும் கூடும். விலை கூடினால் அரசின் செலவே இன்னும் கூடும், மறுபடி பற்றாக்குறை, மறுபடி பணம். இந்தச் சுற்றை எங்கே அறுப்பது?

அறுப்பதற்கு முன்னால் 1991 வந்து நின்றது. வளைகுடாப் போரால் எண்ணெய் விலை ஏறியது, வெளிநாட்டுக் கடன்காரர்கள் கதவைச் சாத்தினார்கள், அந்நியச் செலாவணிக் கையிருப்பு இரண்டு வார இறக்குமதிக்குத்தான் காணும் என்ற நிலை. அப்போது கவர்னர் நாகர்கோவில்காரரான எஸ். வெங்கிடரமணன். ஜூலை மாதம் ரிசர்வ் வங்கி ஏறக்குறைய 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கிக்கு அனுப்பி 40 கோடி டாலர் புரட்டியது. அதே ஜூலையில் 1-ஆம் தேதியும் 3-ஆம் தேதியும் இரண்டு தவணையாக ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. இரண்டும் சேர்ந்து 18, 19 சதவீதம். இரண்டாவது தவணையை நிறுத்திவிடலாமா என்று பிரதமர் நரசிம்ம ராவ் யோசித்ததாகவும், நிதியமைச்சர் மன்மோகன் சிங் 3-ஆம் தேதி காலை ரங்கராஜனைத் தொலைபேசியில் அழைத்தபோது அறிவிப்பு ஏற்கெனவே வெளியாகிவிட்டிருந்தது என்றும் ரங்கராஜனே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

ரூபாய் மதிப்புக் குறைப்பு மீன்சுருட்டிப் பக்கத்து முந்திரிக்கு எப்படி வந்து சேர்ந்திருக்கும் என்று பாருங்கள். இந்தியா ஆப்பிரிக்காவிலிருந்து முந்திரிக்கொட்டையை இறக்குமதி செய்து, உடைத்துப் பயறாக்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் நாடு. டாலர் விலை கூடியதும் வெளியிலிருந்து வரும் கொட்டைக்கு ரூபாய் அதிகம் கொடுக்க வேண்டும். விற்கும் பயறுக்கும் ரூபாய் அதிகம் கிடைக்கும். உள்ளூர்த் தோப்பில் விழுகிற கொட்டைக்கு மதிப்புக் கூட இரண்டுமே காரணமாகும். தோப்பு வைத்திருந்தவருக்கு நல்ல காலம். கொட்டை உடைத்து, தோல் நீக்கிக் கூலி வாங்குகிறவருக்கு? அந்த ஆண்டு ஆகஸ்டில் நாட்டின் விலையேற்றம் 17 சதவீதத்தைத் தொட்டது. கூலி அந்த வேகத்தில் ஏறுவதில்லை. பருவத்துக்கு ஒரு முறை பேசி முடிக்கிற கூலி, விலைவாசியை எப்போதும் பின்னால் இருந்துதான் துரத்துகிறது.

1992 டிசம்பரில் ரங்கராஜன் கவர்னர் ஆனார். 1993 செப்டம்பரில் கல்கத்தாவில் குட்டி என்பவரின் நினைவாக நிகழ்த்திய சொற்பொழிவில் மத்திய வங்கிகளின் தன்னாட்சியைப் பற்றிப் பேசினார். அரசின் பற்றாக்குறைக்குத் தானாகவே பணம் பிறக்கிற ஏற்பாடு இருக்கும்வரை பணக் கொள்கை என்ற ஒன்று இருக்க முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். கவர்னர் நாற்காலியில் இருந்துகொண்டு தில்லிக்குக் கேட்கும்படி இதைச் சொல்வது லேசான காரியம் அல்ல. மறு ஆண்டே காரியம் நடந்தது. நிதியமைச்சராக மன்மோகன் சிங் இருந்தது பெரிய துணை. அவரே முன்னாள் கவர்னர், பிரச்சினையின் அடியும் நுனியும் தெரிந்தவர்.

1994 செப்டம்பர் 9. மத்திய அரசும் ரிசர்வ் வங்கியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. மூன்று ஆண்டில் அட்ஹாக் பில்கள் படிப்படியாக ஒழிக்கப்படும். அந்த நிதியாண்டின் முடிவில் நிகர அளவு 6,000 கோடி ரூபாயைத் தாண்டக் கூடாது. நடுவில் 9,000 கோடியைத் தாண்டிப் பத்து வேலைநாளுக்கு மேல் நின்றால், ரிசர்வ் வங்கி அரசுப் பத்திரங்களைச் சந்தையில் விற்று மீதியைச் சரிக்கட்டும். 1997 மார்ச் 6-இல் இரண்டாவது ஒப்பந்தம். 1997 ஏப்ரல் 1 முதல் அட்ஹாக் பில் என்பதே இல்லை. அதற்குப் பதில் கைமாற்று மாதிரி ஒரு முன்பண ஏற்பாடு வந்தது: உச்சவரம்பு உண்டு, குறித்த காலத்தில் திருப்பியாக வேண்டும். அந்த ஆண்டு முதல் பாதிக்கு 12,000 கோடி, இரண்டாம் பாதிக்கு 8,000 கோடி.

42 ஆண்டுகளில் சேர்ந்துபோன பழைய உண்டியல்களை என்ன செய்தார்கள்? 4.6 சதவீத வட்டியில், முதிர்வுத் தேதி குறிக்காத தனிப் பத்திரங்களாக மாற்றினார்கள். முதல் திரும்ப வேண்டிய நாள் எழுதப்படவில்லை, வட்டி மட்டும் ஓடும். தொடக்கத்தில் நினைவில் வைக்கச் சொன்னது இதைத்தான். ஆயிரம் ஆண்டுக்கு முன் ஊர்ச் சபைகள் கோயிலுக்கு எழுதிக்கொடுத்த கடனின் வடிவத்திலேயே தில்லி மும்பைக்கு எழுதிக்கொடுத்தது. ஒரே வித்தியாசம், சபைகள் கட்டியது அதில் மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைந்த வட்டி.

உலகத்தில் இதற்கு முன்மாதிரி உண்டு. இரண்டாம் உலகப் போர்க் கடனைக் குறைந்த வட்டியில் வைத்திருக்க அமெரிக்க மத்திய வங்கி அரசுப் பத்திரங்களைக் கட்டாயமாகத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. 1951 மார்ச்சில் அமெரிக்க நிதித்துறையும் மத்திய வங்கியும் செய்துகொண்ட உடன்பாடுதான் அதை விடுவித்தது. அந்த நாட்டுப் பொருளியல் நூல்களில் அது ஒரு மைல்கல். நம் 1994-க்கு அந்த மரியாதை இன்னும் கிடைக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

தானாகப் பணம் பிறந்த வழி அடைபட்டதும் அரசு சந்தைக்கு வந்து, சந்தை கேட்கிற வட்டியைக் கொடுத்துக் கடன் வாங்க வேண்டியதாயிற்று. 1995-96-இல் பத்தாண்டுப் பத்திரத்துக்கு அரசு கொடுத்த வட்டி 14 சதவீதம். 4.6 எங்கே, 14 எங்கே! கடனின் உண்மையான விலை அரசுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ரங்கராஜனின் ஐந்து ஆண்டு சுமுகமாகப் போகவில்லை. அரசு வழியை அடைக்கும்போதே வேறு வழியில் பணம் நுழைந்தது. 1993 மார்ச்சில் ரூபாயின் மதிப்பு சந்தையில் தீர்மானமாகும் ஒற்றை விகிதமாக ஆனதும், வெளிநாட்டு முதலீடு குவியத் தொடங்கியது. டாலர் ஏறக்குறைய 31 ரூபாய் 37 காசில் நீண்ட நாள் நின்றது. அதை அங்கே நிறுத்த ரிசர்வ் வங்கி வந்த டாலரை வாங்கியது. வாங்கிய ஒவ்வொரு டாலருக்கும் புது ரூபாய் வெளியே போனது. 1994-95-இல் பணத்தின் அளவு 22 சதவீதம் பெருகியது. 14 என்று கணக்குப் போட்டவர் கவர்னராக இருந்தபோதே 22! விலையேற்றம் மறுபடி இரட்டை இலக்கம். ரிசர்வ் வங்கி கடிவாளத்தை இழுத்தது. வங்கிகள் ரொக்கமாக வைக்க வேண்டிய விகிதம் 1994-இல் மறுபடி 15 சதவீதம் ஆனது.

இழுத்த கடிவாளம் 1995 கடைசியில் எல்லோர் வாயையும் கிழித்தது. வங்கிகளிடம் பணம் இல்லை. பெரிய வங்கிகள் தங்கள் முதல்தரக் கடனாளிக்கே 16.5 சதவீதம் கேட்டன. 1995-96-இல் 13 சதவீதம் வளர்ந்த தொழில் உற்பத்தி மறு ஆண்டு 6 சதவீதத்துக்கு இறங்கியது. தாராளமயத்தின் முதல் வீச்சில் ஆரம்பித்த எத்தனையோ கம்பெனிகள் எழவே இல்லை. மந்தத்துக்கு ரங்கராஜனின் கடுமையே காரணம் என்று அப்போதே எழுதினார்கள். மழையால் ஓடிய சுழற்சி போய், கடனாலும் முதலீட்டாலும் ஓடுகிற சுழற்சி இந்தியாவுக்கு வந்துவிட்டது என்பதன் முதல் அடையாளம் அந்த ஆண்டுகள்தான்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். விலையை இறக்கியே ஆக வேண்டும் என்ற அவர் முடிவு சரி. ஆனால் டாலரை அந்த விலையில் அவ்வளவு காலம் பிடித்து வைத்திருக்கத் தேவையில்லை. ரூபாய் கொஞ்சம் வலுக்க விட்டிருந்தால் அவ்வளவு பணம் பெருகியிருக்காது, பின்னால் அவ்வளவு இறுக்கவும் வேண்டியிருக்காது. ஏற்றுமதி படுத்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு; 1991-ஐக் கண்ணால் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் நியாயமானது. அதற்கான விலையைச் சிறுதொழில்காரர்கள் கொடுத்தார்கள். 1996, 1997-இல் கடிவாளம் தளர்ந்தது. 1997 நவம்பரில் அவர் விடைபெற்றபோது விலையேற்றம் 5 சதவீதத்தை ஒட்டி இருந்தது.

இதற்கிடையில் ஊர் நிர்வாகமும் மாறியிருந்தது. 1995-இல் திருச்சி மாவட்டத்தைப் பிரித்துப் பெரம்பலூர் மாவட்டம் உருவானபோது அரியலூரும் மீன்சுருட்டியும் அதில் சேர்ந்தன. அரியலூர் தனி மாவட்டமாக நிலைத்தது 2007 நவம்பரில்.

மும்பையில் வட்டியைக் கூட்டினாலும் குறைத்தாலும் மீன்சுருட்டிக்கு அது எப்படி வந்து சேர்கிறது? முந்திரி வியாபாரியை எடுத்துக்கொள்வோம். பங்குனி முதல் வைகாசி வரை கொட்டை விழுகிறது. அந்த இரண்டு மூன்று மாதத்தில் வாங்கி மூட்டை போட்டு, விலை ஏறும்வரை வைத்திருந்து விற்பதில்தான் லாபம். வைத்திருக்கக் கடன் வேண்டும். வங்கி 12 சதவீதத்துக்குக் கொடுத்தால் தீபாவளி வரை வைத்திருக்கலாம். 17, 18 கேட்டால் ஆடியிலேயே தள்ளிவிட வேண்டும். எல்லோரும் ஆடியில் தள்ளினால் விலை விழும். மும்பையின் முடிவு இப்படி ஒரு குடோனின் கதவு எந்த மாதம் திறக்கிறது என்பதில் வந்து முடிகிறது.

ஆனால் அந்த வியாபாரிக்குக் கொட்டை விற்ற சிறு விவசாயி வாங்குவது வங்கிக் கடன் இல்லை என்றால்? நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். மூன்று வட்டி என்றால் 36. தண்டலுக்கு வாங்கினால் அதற்கும் மேல். 1992-இலும் அதே இரண்டு வட்டி, 1997-இலும் அதே இரண்டு வட்டி. ரிசர்வ் வங்கி கால் சதவீதம், அரை சதவீதம் என்று நகர்த்துவது அந்தக் கடனை அசைப்பதே இல்லை. ரங்கராஜனின் சமன்பாடுகளுக்குள் வராத இந்தியா இது. இந்தக் குறையைச் சொல்லாமல் அவரைப் புகழ்ந்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

விலைவாசிக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. வங்கிக் கணக்கே இல்லாதவர் வீட்டிலும் அது நுழைந்துவிடுகிறது. விலை ஆண்டுக்கு 10 சதவீதம் ஏறினால் ஏழே ஆண்டில் எல்லாம் இரட்டிப்பாகும். 4 சதவீதம் என்றால் 18 ஆண்டு பிடிக்கும். கொட்டை உடைத்த கூலியில் மிச்சம் பிடித்து, பெண் பிறந்ததும் அஞ்சலகத்தில் போட்டு வைத்த தாய்க்கு இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள தூரம் ஒரு நகை, ஒரு பாத்திரச் சீர், சில சமயம் கல்யாணமே. நிலமும் தங்கமும் வைத்திருப்பவர் விலையேற்றத்தைத் தாண்டிவிடுவார். ரொக்கத்தை மட்டும் நம்பியிருப்பவருக்கு வேறு காவல் இல்லை. 1994 ஒப்பந்தத்தை நான் இவ்வளவு பெரிதாகப் பேசுவது இதனால்தான்.

பூட்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பார்க்கக் கடலைத் தாண்டினால் போதும். இலங்கையில் 2020-க்குப் பிறகு வரி வருமானம் சரிந்தபோது மத்திய வங்கி அரசின் உண்டியல்களைத் தானே வாங்கிக் குவித்தது. 2022 ஏப்ரலில் புதிய ஆளுநர் நந்தலால் வீரசிங்க வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தினார். சில நாளில் நாடு வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அந்த செப்டம்பரில் கொழும்பு நகரில் விலையேற்றம் ஏறக்குறைய 70 சதவீதம். யாழ்ப்பாணத்துச் சம்பளக்காரர்களும் மலையகத் தோட்டத் தொழிலாளரும் பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றார்கள். 2023-இல் இலங்கை நிறைவேற்றிய புதிய மத்திய வங்கிச் சட்டம், அரசுக்கு நேரடியாகப் பணம் கொடுப்பதற்குத் தடை விதித்தது. நாம் 1994-இல் தொடங்கியதை அவர்கள் அத்தனை பட்டபிறகு தொடங்கினார்கள்.

இந்தியாவில் பூட்டு பின்னர் இன்னும் இறுகியது. 2003-இல் வந்த நிதிப் பொறுப்புச் சட்டத்தின்படி, 2006 ஏப்ரல் 1 முதல் அரசு வெளியிடும் பத்திரங்களை ரிசர்வ் வங்கி நேரடியாக வாங்கக் கூடாது. விதிவிலக்குகள் உண்டு. ஒவ்வொரு நெருக்கடியிலும் அந்த விதிவிலக்கைத் திறக்கலாமா என்ற பேச்சு எழுகிறது. 2020 கொரோனா காலத்திலும் எழுந்தது. இனிமேலும் எழும். அப்போது செய்தித்தாளின் உள்பக்கத்தில் சின்னதாக வரும் அந்தச் செய்தியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். மீன்சுருட்டி, ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்தில் 1991 முதல் 1997 வரையிலான முந்திரி மண்டிக் கணக்கு நோட்டுகள், கூலிப் பட்டியல்கள், அடகுச் சீட்டுகள் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பெயர்களை மறைத்துவிட்டுப் படம் எடுத்து இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். ரிசர்வ் வங்கியின் கணக்கு அச்சில் இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கணக்கு இன்னும் எங்கும் எழுதப்படவில்லை. அடுத்த இதழில், 2003-இல் தமிழ்நாடு கொண்டுவந்த கந்துவட்டித் தடைச் சட்டத்தையும் அதற்கு முந்தைய தண்டல் வரலாற்றையும் பார்ப்போம்.